தப்பும் திரையும்

2020ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, நன்னிலத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கைப்பேசித் திரையில் தப்பாட்டம் பார்த்தேன். என்னுடன் அமர்ந்து பார்த்தவர், ஐம்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் தப்படித்த ஒரு முதியவர். கைப்பேசி அவருடைய பேத்தியினுடையது. கல்லூரி மூடிக் கிடந்த அந்நாளில் பாடம் கேட்பதற்கென்று கடன்பட்டு வாங்கியது. பங்குனியில் தொடங்கிய ஊரடங்கு அவ்வாண்டின் விழாக்களையெல்லாம் விழுங்கியிருந்தது. தேர்பவனி இல்லை, தீமிதி இல்லை, பந்தலிட்ட திருமணம் இல்லை, சாவு வீட்டிலும் இருபது பேருக்கு மேல் கூடலாகாது என்பது விதி. பங்குனி முதல் ஆடி வரையிலான மாதங்களே நாட்டார் கலைஞர்களுக்கு அறுவடைக் காலம். அவ்வாண்டு அந்த அறுவடை களத்துக்கு வந்து சேரவில்லை.

மேடைகள் மூடிய அந்நாள்களில்தான், மண்ணின் கலைகளைப் போற்றுவோம் என்ற அழைப்போடு இணையவழி விழாக்களும் பயிலரங்குகளும் பெருகின. சென்னையின் மார்கழி இசைவிழாவே அவ்வாண்டு சபாக்களின் நாற்காலிகளை விட்டுத் திரைக்குக் குடிபெயர்ந்தது. கரகம், ஒயில், பறை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேர வகுப்பு, அரைநாள் வகுப்பு என வரிசையாக அறிவிப்புகள் வந்தன. நாங்கள் பார்த்தது அத்தகைய ஒரு பறைப் பயிலரங்கு. கற்பித்தவர் இளைஞர், பொறுமையும் நேர்மையும் உள்ளவர். கற்றவர்களில் சிலர் சென்னையில், சிலர் பெங்களூரில், ஒரு பெண் கனடாவில். முதியவர் இமை கொட்டாமல் ஒரு மணி நேரமும் பார்த்தார். முடிந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "கை நல்லாத்தான் போவுது சார். காலு எங்க?"

திரை இடுப்புவரைதான் காட்டியது. தப்பாட்டத்தில் பாதி, தரையில் இருக்கிறது. அடி வைப்பதும், குனிவதும், சுழல்வதும், பக்கத்து ஆளின் தோளை அளவாகக் கொண்டு வரிசையை நேர் செய்துகொள்வதும் கால்களின் வேலை. அக்கலைக்கு ஆட்டம் என்று பெயர் வந்ததே அதனால்தான். இணையவழிக் கொண்டாட்டங்களைப் பற்றிச் சில ஆண்டுகளாக நான் எண்ணி வந்தவற்றையெல்லாம் அந்த ஒரு கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டியவனாக இருக்கிறேன்.

கருவியைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். வேப்பமரத் துண்டுகளை வளைவாகச் செதுக்கி இணைத்த வட்டச் சட்டம். அதன்மேல் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி இழுத்த மாட்டுத்தோல். வலக்கையில் குட்டையாகவும் தடிப்பாகவும் உள்ள அடிக்குச்சி. இடக்கையில் மெல்லிய நீண்ட மூங்கில் சிம்பு. தோல், காற்றின் ஈரத்தை உண்டு தளரும். முடிகொண்டான் ஆற்றில் தண்ணீர் வந்து, வயல்களில் சம்பா நடவு நடக்கும் நாள்களில் எங்கள் பகுதியில் எந்தத் தோற்கருவியும் தானாக ஒலிக்காது. வைக்கோலைக் கொளுத்தித் தீயில் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, மீண்டும் காட்டி, அதன் குரலை மீட்டெடுக்க வேண்டும். இன்று இரும்பு வளையத்தில் ஃபைபர் முகம் பொருத்திய பறைகள் வந்துவிட்டன. மழையென்ன, வெயிலென்ன, அவற்றின் குரல் ஒன்றே. திரையில் கண்ட மாணவர்களில் பெரும்பாலோர் கையில் இருந்தவை அவையே. அதில் குறை காண்பதற்கில்லை. மாடிக் குடியிருப்பில் வைக்கோலைக் கொளுத்த முடியுமா?

குறை வேறோரிடத்தில் இருக்கிறது. இக்கூட்டங்களுக்குப் பயன்படும் மென்பொருள்கள் மனிதப் பேச்சைக் கொண்டுசெல்வதற்கென்று வடிவமைக்கப்பட்டவை. பேச்சல்லாத ஓசையை அவை இரைச்சல் என்று கணித்துத் தாமாகவே அடக்கிவிடுகின்றன. நாய் குரைப்பது, மின்விசிறி சுழல்வது, பாத்திரம் விழுவது ஆகியவற்றோடு தப்பின் அடியையும் சேர்த்துத் துடைத்துவிடுகின்றன. அந்த அடக்கலை நிறுத்துவதற்கு ஒரு பொத்தான் உண்டு. தேடிப் பிடிக்க வேண்டும். இன்னொன்று, ஓசை ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் சேர நொடியில் ஒரு சிறு பகுதி பிந்துகிறது. பேச்சுக்கு அது பொருட்டன்று. தாளத்துக்கோ அது கேடு. ஆதலால் ஆசிரியர் ஒருவரைத் தவிர எல்லாருடைய ஒலிவாங்கியும் மூடப்பட்டிருக்கும். பத்துப் பேர் அடிக்கிறார்கள். ஒருவர் அடிப்பதை மற்றவர் கேட்பதில்லை. ஒருவர் கேட்க மற்றவர் விடைசொல்வதாக அமைந்த குழுக்கலை, தனித்தனி அறைகளில் நிகழும் தனிப்பயிற்சியாகிவிடுகிறது.

தொழில்நுட்பக் குறையைக் காலம் திருத்திவிடும் என்று வாசகர் கூறலாம். திருத்தட்டும். ஆனால் தப்பின் ஒலியை இரைச்சலென்று கணித்தது கணினி மட்டுந்தானா?

நான் சிறுவனாயிருந்தபோது, என்னைவிட வயதில் மூத்த இம்முதியவரைப் பெயர் சொல்லி ஒருமையில் அழைத்தேன். இருவரும் ஒரே பங்கைச் சேர்ந்தவர்கள். ஒரே ஞானஸ்நானத் தொட்டியில் நனைந்தவர்கள். எங்கள் தெருவுக்கு அவர் தெரு காலனி. திருவிழாத் தேருக்கு முன்னே தப்பு செல்லும். ஆலய வாசலில் நின்றுவிடும். உள்ளே ஆர்மோனியத்துக்கு இடமிருந்தது. மறைபரப்பு நாடுகளின் மக்கள் தமக்கென்று கொண்ட இசை மரபை மதிக்கவேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டில் எழுதிவைத்தது. அந்த மரபுக்குரிய மக்கள் எந்தத் தெருவில் குடியிருக்கிறார்கள் என்பதை எங்கள் ஊரில் நாங்கள் நெடுங்காலம் கவனிக்கவில்லை. சில ஆண்டுகளில் பேண்டு வாத்தியம் வந்தது. தேருக்கு முன்னும் தப்பு நின்றுபோயிற்று. இன்று அவரை அண்ணே என்று அழைக்கிறேன். இந்தச் சொல்லுக்கு வந்து சேர எனக்கு ஐம்பது ஆண்டுகள் ஆயின. அவர் இன்னும் என்னைச் சார் என்றுதான் அழைக்கிறார்.

ஆகவே, போற்றுதல் என்ற சொல்லை அவர் முன்னிலையில் உச்சரிக்க எனக்கு நாக்கு எழவில்லை. ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் ஒன்றாக எண்ணியது தொல்காப்பியம். பயிலரங்குகள் அந்தப் பெருமையிலிருந்துதான் தொடங்குகின்றன; இரண்டாயிரம் ஆண்டுத் தொன்மை என்று தொடங்கி நேராக அடிப்படை அடிகளுக்குத் தாவிவிடுகின்றன. இடையில் விடுபட்டது, ஊர்ச்சாவுக்கு அடித்தே ஆகவேண்டும் என்று ஒரு சாதியின்மீது சுமத்தப்பட்ட கடமை. களத்தில் அளந்துபோட்ட நெல்லுக்கு நடுநிசியிலும் அழைத்த இடத்துக்குப் போக வேண்டும். மறுத்தால் வேலை நிற்கும், வழி அடைபடும். அரசு அறிவிப்புகளைத் தண்டோராப் போட்டுச் சொல்லும் வழக்கத்தைக் கைவிடுமாறு தமிழக அரசின் தலைமைச் செயலர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதியது 2022ஆம் ஆண்டு ஆகஸ்டில்தான். திரையில் பறை கொண்டாடப்பட்டு ஈராண்டு கழிந்த பின்னும், நிலத்தில் அது ஏவல் வேலையாக இருந்திருக்கிறது என்பதற்கு அக்கடிதமே சான்று.

பெயரையும் கவனியுங்கள். அறிவிப்புகளில் எல்லாம் பறை. எங்கள் வட்டாரத்தில் அது தப்பு. பறை என்ற சொல்லுக்குச் சங்கச் சான்றுகளின் ஒளி உண்டு. தப்பு என்ற சொல்லுக்கு அடிபட்ட கன்னத்தின் நினைவு உண்டு. விடுதலை வேண்டி நின்றவர்கள் பறை என்ற பெயரை மீட்டெடுத்தது சரியான செயலே. ஆனால் அடித்துக்கொண்டிருப்பவர் வாயில் வழங்கும் பெயர் ஒரு முறையேனும் வகுப்பில் ஒலித்திருக்க வேண்டாமா?

கனடாவிலிருந்து ஒரு பெண் கற்றார் என்றேன். அந்நாட்டு வரலாறு இவ்விடத்தில் நமக்கு உதவுகிறது. அங்கே 1996 முதல் ஜூன் 21ஐப் பூர்வகுடி மக்களின் நாளாகக் கொண்டாடுகிறார்கள். கொண்டாடும் அதே அரசு, மேற்குக் கடற்கரை மக்களின் போட்லாட்ச் என்னும் கொடை விழாவை 1885 முதல் 1951 வரை சட்டத்தால் தடை செய்திருந்தது. 1921இல் அவ்விழா ஒன்றை நடத்தியவர்களின் முகமூடிகளும் ஆடற்பொருள்களும் பறிக்கப்பட்டுக் காட்சியகங்களுக்குப் போயின. அவற்றில் மீண்டவற்றை வைப்பதற்கென்று அம்மக்கள் 1980இல் அலர்ட் பே என்ற ஊரில் தங்களுக்கான பண்பாட்டு மையத்தைத் திறந்தார்கள். தடைச் சட்டம் வேண்டுமென்று வற்புறுத்தியவர்களில் மறைப்பணியாளர்களும் இருந்தனர் என்பதைக் கிறித்தவர்களாகிய நாம் மறைக்கலாகாது. உறைவிடப் பள்ளிகளின் கொடுமைகளுக்காக மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2022 ஜூலையில் மன்னிப்புக் கேட்டார். எண்பத்தைந்து வயதில், சக்கர நாற்காலியில், மாஸ்க்வாசிஸ் வரை பயணம் செய்து, அம்மக்களின் மண்ணிலேயே கேட்டார். காணொலியில் கேட்டிருந்தாலும் சொற்கள் அவையே. வருத்தத்தின் கனம் மாறியிருக்கும்.

அங்கே ஆடக்கூடாது என்று தடுத்தார்கள்; இங்கே அடித்தே ஆகவேண்டும் என்று பணித்தார்கள். தடுக்கப்பட்ட கலையை மீண்டும் ஆடுவது விடுதலை. பணிக்கப்பட்ட கலையை அடிக்க மறுப்பதும் விடுதலைதான். இந்த வேறுபாட்டை அறியாத கொண்டாட்டம், மறுத்தவர்களைத் தம் கலையைத் தாமே மறந்த அறியாதவர்களாகக் காட்டிவிடுகிறது. அம்முதியவரின் மகன் இருபது வயதில் தப்பைத் தொடமாட்டேன் என்று சொல்லித் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனார். கலையின் அழிவைப் பற்றி வருந்தி எழுதுவோர் எவரும் அவருக்கு ஒரு வார்த்தை நன்றி சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

இதே கேள்வியை, தஞ்சை மண்ணின் இன்னொரு தோற்கருவியைக் கொண்டு கேட்ட நூலொன்று அதே 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வந்தது. டி.எம்.கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்', மிருதங்கம் செய்வோரின் வரலாறு. தமிழிலும் அது கிடைக்கிறது. நம் வாசகர் ஒவ்வொருவரும் அதைப் படிக்கவேண்டும் என்பேன். ஏனெனில் அதில் வரும் பெயர்கள் நம் பங்குப் பதிவேடுகளில் நாம் காணும் பெயர்கள். செபஸ்தியான் மக்கள் வாயில் செவித்தியான் ஆகிறார். ஃபெர்னாண்டஸ் பர்லாந்து ஆகிறார். தஞ்சாவூரின் தலித் கிறித்தவக் குடும்பம் ஒன்று தலைமுறை தலைமுறையாக மிருதங்கம் செய்தது. பாலக்காடு மணி ஐயரின் கைக்கு வாய்த்த ஒலியைப் பர்லாந்தின் கைகளும் சேர்ந்தே உருவாக்கின. பலாமரத்தின் இரு முகங்களுக்கும் ஆடு, மாடு, எருமை ஆகியவற்றின் தோல் வேண்டும். தோலுக்கு ஓர் உயிர் போக வேண்டும். அந்தத் தோலைத் தேர்ந்து, உரித்து, பதப்படுத்தி, வாரால் இழுத்துக் கட்டியவரை மேடை அறியாது; பூசையில் வைத்த மிருதங்கத்தை மட்டும் அறியும். இந்நூலின் வெளியீட்டுக்குத் தந்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா பின்னர் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2020 பிப்ரவரி 2 அன்று ஆசிய இதழியல் கல்லூரியில் விழா நடந்தது. நூல் சொல்லவந்ததை அந்நிகழ்ச்சியே ஒருவகையில் எடுத்துக்காட்டியது.

நூலில் எனக்குக் குறையும் உண்டு. எழுதியவர் தம் குற்றவுணர்ச்சியோடு சில இடங்களில் அளவுக்கு மீறி உரையாடுகிறார். கைவினைஞரின் வீட்டுக்குள் நாம் இன்னும் சற்று நேரம் இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. எனினும் அவர் வீடு தேடிப் போனார். பெயர் கேட்டு எழுதினார். யார் யாருக்கு எவ்வளவு கூலி என்று விசாரித்தார். இணையவழிப் பயிலரங்கு நடத்துவோரிடம் நான் எதிர்பார்ப்பதும் அவ்வளவே. அறிவிப்பில் கலைஞரின் பெயரும் ஊரும் இருக்கட்டும். கிராமியக் கலைஞர் ஒருவர் என்று எழுதுவது, அறுவடைக்கு ஆள் ஒருவர் என்று எழுதுவதைப் போன்றது. கட்டணத்தில் அவர் பங்கு எவ்வளவு என்பதை அவர் முன்கூட்டியே அறிந்திருக்கட்டும். பதிவு செய்த காணொலி எவருடைய உடைமை என்பதையும் கேட்டுத் தெளிந்துகொள்ளட்டும். ஒரு முறை அடித்ததை ஆயிரம் முறை ஓட்டலாம் என்பது சாவுவீட்டுக் கூலியில் கூட இல்லாத சுரண்டல்.

பயிலரங்கு என்றாலே பறித்தல்தான் என்று நான் சொல்லவரவில்லை. திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா 1990இல் தொடங்கிய சக்தி நாட்டுப்புறக் கலை மையத்தை எண்ணிப் பாருங்கள். பள்ளிப் படிப்பை இடையில் விட்ட தலித் பெண்பிள்ளைகள் அங்கே தங்கிப் பறை கற்கிறார்கள். இறப்புக்கு அடிக்கும் ஆண்களின் கருவியாக இருந்ததை, பெண்கள் இடுப்பில் சேலையை இறுகக் கட்டிக்கொண்டு மேடையில் அடிக்கிறார்கள். பறையோடு தையலும், தாம் வாழும் சமூகத்தை ஆராயும் பயிற்சியும் உண்டு. அமெரிக்க இசையியல் ஆய்வாளர் ஜோயி ஷெரினியன் அவர்களைப் பற்றி ஆவணப்படம் எடுத்திருக்கிறார். சுமத்தப்பட்டதை உதறுவதற்கும் உதறியதைத் தம் விருப்பத்தால் மீண்டும் எடுப்பதற்கும் இடையே நெடிய பாதை இருக்கிறது. அதை ஒரு மணி நேரத்தில் கடக்க முடியாது. அங்கே மாதக்கணக்கில் கடக்கிறார்கள்.

திரைக்கும் என் நன்றி ஒன்று உண்டு. அதை மறைத்தால் இக்கட்டுரை பொய்யாகிவிடும். பெண்கள் பறையடிப்பதை அப்பேத்தி வாழ்நாளில் முதன்முதலாகப் பார்த்தது அந்த ஞாயிற்றுக்கிழமைதான். அன்றிரவே பாட்டனிடம் போய் எனக்குச் சொல்லிக்கொடு என்று கேட்டிருக்கிறாள். நன்னிலத்தில் எந்தத் தெருவில், எந்தப் பந்தலில் அவள் அதைப் பார்த்திருக்க முடியும்? செய்தி திருப்பூருக்கு எட்டியது. தந்தை தொலைபேசியில் அழைத்து, "நான் விட்டத நீ எடுக்காத" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாராம். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. மகள் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. இருவருக்கும் நடுவில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எங்கள் தெருக்காரனுக்கு இல்லை.

பெயரோடு எழுதுங்கள் என்று ஊருக்கு உபதேசிக்கும் நான், அம்முதியவரின் பெயரை இங்கே எழுதவில்லை என்பதை வாசகர் கவனித்திருப்பீர்கள். எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டேன். நெடுநேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பொண்ணு கேட்டு வர்ற நேரம் சார், வேணாம்" என்றார். பெயரைச் சொன்னால் கலைஞர் என்று வணங்குவார்கள் என்பது திரையில் உண்மை. தெருவில் இன்னும் அப்படி இல்லை.

ஆவணி மாதத்தில் பயிலரங்குக்காரர்கள் அவரையும் ஒரு மணி நேரம் வகுப்பெடுக்க அழைத்தார்கள். பேத்தியின் ஏற்பாடு. சன்மானத்தை முன்கூட்டியே பேசிக்கொண்டவளும் அவள்தான். மழை பிடித்திருந்த மாலை. பரணிலிருந்து தப்பை இறக்கி, கொல்லையில் வைக்கோல் கொளுத்தி, தோலைக் காய்ச்சி, வாசலில் நின்றார். இம்முறை கைப்பேசியை மோடாவின்மேல் சாய்த்துத் தள்ளி வைத்திருந்தார்கள், கால்கள் தெரிந்தன. அடித்தார். எனக்கு உடல் சிலிர்த்தது. திரையில் இருந்த முகங்களோ அசையாமல் காத்திருந்தன. அவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை என்பது புரியச் சற்று நேரம் ஆயிற்று. பேத்தி கைப்பேசியை எடுத்து எங்கெங்கோ தொட்டு அந்தப் பொத்தானைக் கண்டுபிடித்தாள். மறுபடி அடித்தார். கனடாப் பெண் இரு கைகளையும் தலைக்குமேல் தூக்கித் தட்டினார். தட்டிய ஓசை எங்களுக்குக் கேட்கவில்லை.

"அங்க ஈரமா இருக்கா, வெயிலா?" என்று முதியவர் திரையைப் பார்த்துக் கேட்டார். "தோலு தாங்குதா?"

தம்முடையது ஃபைபர் என்றும், அதைக் காய்ச்ச வேண்டியதில்லை என்றும் அந்தப் பெண் சொன்னார்.

"அப்படியா" என்று சிரித்துவிட்டு, அவர் தப்பைத் தூக்கிக்கொண்டு மீண்டும் கொல்லைப்பக்கம் நெருப்புக்குப் போனார். பேத்தி கைப்பேசியோடு பின்னாலேயே ஓடினாள்.